விடைக்கும் வரலாறு உண்டு

பொது அறிவு என்னும் பெயரால் நம்மிடையே வழங்கும் வினாவிடை நூல்களுக்குக் கணக்கில்லை. பாடசாலை மாணவரின் புத்தகப் பையிலும், உத்தியோகப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞரின் மேசையிலும் அவை இடம்பிடித்துள்ளன. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நடைபெறும் அறிவுப் போட்டிகளைக் குடும்பம் முழுவதும் கூடியிருந்து சுவைக்கின்றது. மரதன் ஓட்டத்தின் தூரம் எவ்வளவு, முதற் பேசும் படம் எது என்று வினா எழுவதும், மணி ஒலிக்குமுன் விடை பாய்ந்து வருவதும் கண்ணுக்கும் செவிக்கும் இனிய காட்சிகளே.

புலமை மிக்கோர் சிலர் இதனை அறிவென்று ஒப்புவதில்லை. துணுக்குகளின் குவியல் என்று ஒதுக்கிவிடுவர். எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. துணுக்குச் சிறிது என்பதற்காக அஃது அற்பமாகிவிடாது. குறை துணுக்கில் இல்லை. கிளையிலிருந்து பறித்தெடுத்த பூவைப் போல அதனைத் தனியே கையிற் கொடுத்துவிடும் முறையிலே தான் இருக்கின்றது. ஒரு வரியில் அடங்கும் விடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாட்காட்டியோ, ஓர் அளவுகோலோ, ஒரு வரையறையோ நிற்கின்றது. அதனை நீக்கிவிட்டு விடையை மாத்திரம் மனனஞ் செய்தால், மெய்யான செய்தியும் சிலவேளை பொய்யாய் முடியும். வரலாறு, விஞ்ஞானம், விளையாட்டு, திரைப்படம் ஆகிய துறைகளிலிருந்து சில உதாரணங்களை எடுத்து இதனை விளக்க விரும்புகின்றேன்.

ஒரே ஆண்டு, ஒரே நாள்

"கலிலியோ மறைந்த ஆண்டிலே நியூற்றன் பிறந்தார்" என்பது விஞ்ஞான வகுப்புகளில் தவறாது சொல்லப்படும் செய்தி. ஒரு தீபம் அணைந்த ஆண்டிலேயே மற்றொரு தீபம் ஏற்றப்பட்டது என்னும் அழகு அதில் இருப்பதால், ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. கலிலியோ இத்தாலியிலே 1642 யனவரி 8 ஆந் திகதி காலமானார். நியூற்றன் இங்கிலாந்திலே 1642 டிசெம்பர் 25 ஆந் திகதி பிறந்தார். இரண்டு திகதிகளும் நூல்களில் உள்ளவையே. ஆயினும், இத்தாலியின் நாட்காட்டியும் இங்கிலாந்தின் நாட்காட்டியும் அக்காலத்தில் ஒன்றல்ல.

யூலியஸ் சீசர் வகுத்த பழைய நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாள் என்று கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதனினும் ஏறத்தாழப் பதினொரு நிமிடங் குறைந்தது. இந்தச் சிறு பிழை நூற்றாண்டுகள் தோறும் சேர்ந்து, பருவங்களுக்கும் திகதிகளுக்கும் இடையே பத்து நாள் இடைவெளியை உண்டாக்கிற்று. இதனைத் திருத்துமுகமாக 1582 ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி புதிய நாட்காட்டியை வெளியிட்டார். அவ்வாண்டு ஒக்ரோபர் 4 ஆந் திகதிக்கு மறுநாள் 15 ஆந் திகதி ஆயிற்று. இத்தாலி, ஸ்பானியா முதலிய கத்தோலிக்க நாடுகள் இதனை உடனே ஏற்றுக்கொண்டன. பாப்பரசரோடு பிணங்கி நின்ற இங்கிலாந்தோ 1752 வரை பழைய கணக்கையே பற்றிக்கொண்டிருந்தது. அதனாற் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இத்தாலிக்குப் பத்து நாள் பின்னால் நடந்தது. பாரிஸிலே 12 ஆந் திகதி எழுதிய கடிதம் நாலு நாட் பிரயாணஞ் செய்து, 6 ஆந் திகதி இலண்டனில் ஒருவர் கைக்குக் கிடைக்கக்கூடிய காலம் அது!

இப்பொழுது நமது வினாவுக்கு வருவோம். இத்தாலியின் நாட்காட்டிப்படி நியூற்றன் பிறந்தது 1643 யனவரி 4. இங்கிலாந்தின் நாட்காட்டிப்படி கலிலியோ இறந்தது 1641 டிசெம்பர் 29. எந்த நாட்காட்டியைக் கைக்கொண்டாலும் இரு நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில் அமையா. ஒருவரை ஒரு நாட்காட்டியாலும் மற்றவரை வேறொரு நாட்காட்டியாலும் அளந்தால் மாத்திரமே அந்த அழகிய பொருத்தம் கிடைக்கும்.

இலக்கிய அன்பர்கள் போற்றும் செய்தியொன்றும் இவ்வகையினதே. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய மகாகவியெனப் போற்றத்தகும் செர்வாண்டிசும் 1616 ஏப்பிரல் 23 ஆகிய ஒரே நாளில் உலகை நீத்தனர் என்பர். யுனெஸ்கோ நிறுவனம் 1995 இல் உலகப் புத்தக தினத்தை அத்திகதியில் நிறுவியதற்கும் இது ஒரு காரணமாயிற்று. ஆனால் ஷேக்ஸ்பியரின் திகதி இங்கிலாந்தின் பழைய கணக்கு. புதிய கணக்கில் அது மே மாதம் 3 ஆந் திகதி. செர்வாண்டிசுக்கு உரிய 23 ஆந் திகதியோ அவர் அடக்கஞ் செய்யப்பட்ட நாள். உயிர் பிரிந்தது முதல் நாள். ஒரே திகதி என்பது மெய். ஒரே நாள் என்பது பொய்.

ஒன்பதா, எட்டா?

சூரிய குடும்பத்திற் கோள்கள் எத்தனை என்ற வினாவுக்கு எனது தலைமுறையினர் ஒன்பது என்று விடை எழுதினோம். இன்றைய மாணவர் எட்டு என எழுதுகின்றனர். ஏதோ ஒரு கோள் வானிலிருந்து விழுந்துவிட்டதுபோல இம்மாற்றத்தைக் கருதுவோரும் உளர். வானில் எதுவும் மாறவில்லை. கோள் என்ற சொல்லின் பொருளே மாறிற்று.

இம்மாற்றம் முதன்முறையானதுமன்று. 1801 ஆம் ஆண்டின் முதல் நாளன்று பலேர்மோ நகரிலே பியாற்சி என்பார் சீரெஸ் என்னும் சிறு பொருளைக் கண்டார். அது கோள் என்றே எண்ணப்பட்டது. 1807 இற்குள் பலாஸ், யூனோ, வெஸ்ரா என இன்னும் மூன்று அகப்பட்டன. ஆகவே யுரேனசையும் சேர்த்து அக்கால நூல்கள் பதினொரு கோள்களைக் கூறின. பின்னர் அத்தகைய சிறு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெருகவே, அவையெல்லாம் சிறுகோள்கள் என்று தனி வகுப்பிற் சேர்க்கப்பட்டன. 1846 இல் நெப்தியூன் வந்து சேர, எண்ணிக்கை எட்டாயிற்று. 1930 பெப்ரவரியில் அமெரிக்க இளைஞரான கிளைட் தொம்போ புளூட்டோவைக் கண்டறிய, ஒன்பதாயிற்று. ஒக்ஸ்போட்டில் வாழ்ந்த வெனீசியா பேர்ணி என்னும் பதினொரு வயதுச் சிறுமி சொன்ன பெயரே அதற்கு இடப்பட்டது.

புளூட்டோவுக்கு அப்பாலும் அதனையொத்த பொருள்கள் பல உண்டென்பது பின்னர் தெரியவந்தது. 2005 இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் என்பது புளூட்டோவினும் பெரிதென அப்போது கருதப்பட்டது. அதனைப் பத்தாவது கோள் என்பதா, அன்றிப் புளூட்டோவை விலக்குவதா என்ற வழக்கு எழுந்தது. 2006 ஓகஸ்ட் 24 இல் பிராக் நகரிற் கூடிய சர்வதேச வானியற் சங்கம் மூன்று நிபந்தனைகளை விதித்தது. கோளெனப்படுவது சூரியனைச் சுற்றவேண்டும். தன் ஈர்ப்பினால் உருண்டை வடிவம் பெற்றிருக்கவேண்டும். தன் பாதையின் அயலிலே தானே தலைமை பெற்று, பிற பொருள்களை அகற்றியிருக்கவேண்டும். மூன்றாம் நிபந்தனையிலே புளூட்டோ தோற்றுக் குறுங்கோள் ஆயிற்று.

இதிலே சுவையான செய்தியொன்றுண்டு. புளூட்டோவை நோக்கி 'நியூ ஹொறைசன்ஸ்' என்னும் விண்கலம் 2006 யனவரி 19 இல் ஏவப்பட்டது. தொம்போவின் அஸ்தியிற் சிறிதளவும் அதில் வைத்து அனுப்பப்பட்டது. கலம் புறப்பட்ட அன்று புளூட்டோ கோள். 2015 யூலை 14 இல் அது புளூட்டோவை அண்மித்த அன்று, அஃது ஒன்பது ஆண்டுகளாகக் கோள் அன்று.

நமது நவக்கிரகத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அதிலும் ஒன்பதே, ஆனால் ஞாயிறும் திங்களும் அதில் உண்டு, இராகு கேதுக்களும் உண்டு, நாம் நிற்கும் பூமி இல்லை. எண் ஒன்றாயினும் வரையறை வேறு.

நன்னூலார் வகுத்த வினா

புளூட்டோ விலக்கப்பட்ட மறு ஆண்டு, பாடசாலைகளுக்கிடையே நடந்த ஓர் அறிவுப் போட்டியைப் பார்க்கச் சென்றிருந்தேன். கோள்கள் எத்தனை என்ற வினா வந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "எந்த ஆண்டுக் கணக்குப்படி, ஐயா?" என்று கேட்டாள். நடுவரின் கையிலிருந்த தாளில் ஒன்பது என்று இருந்தது போலும். அவர், "பிள்ளை, கேள்விக்குக் கேள்வி பதிலாகாது" என்று கூறி அடுத்தவரிடம் சென்றுவிட்டார். அடுத்தவன் ஒன்பது என்றான், புள்ளி பெற்றான். அந்த ஒரு புள்ளியால் மாணவியின் பாடசாலை இரண்டாமிடம் அடைந்தது. அவள் அழவில்லை, ஆனால் அதன்பின் வந்த வினாக்களுக்கு வாய் திறக்கவுமில்லை. போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனமே என் மனத்தை உறுத்திற்று.

கேள்விக்குக் கேள்வி பதிலாகுமா? தமிழிலக்கணம் ஆகும் என்கின்றது. விடை எட்டு வகைப்படும் என வகுத்த நன்னூலார், அவற்றுள் வினா எதிர் வினாதல் என்பதனையும் ஒன்றாக வைத்தார். அவர் கருதியது உடன்பாட்டை உணர்த்தும் எதிர்வினா; அம்மாணவியின் எதிர்வினாவோ விடையின் நிபந்தனையை உணர்த்தியது. வகை சிறிது வேறாயினும், வினா வடிவிலும் விடை இருத்தல் கூடும் என்னும் உண்மை நமது மரபுக்குப் புதிதன்று.

வினாவையும் நன்னூலார் ஆறாகப் பகுத்தார். விடையைத் தானறிந்து வைத்துக்கொண்டு பிறனைச் சோதிப்பது அறிவினா. அறியாது அறிய விரும்பிக் கேட்பது அறியாவினா. நமது போட்டிகளும் பரீட்சைகளும் அறிவினாவினால் நடைபெறுகின்றன. அது வேண்டற்பாலதே. ஆனால் கலிலியோவும் தொம்போவும் கேட்டவை அறியாவினாக்கள். அறிவினாவுக்கு விடை கூறிக் கூறியே வளர்ந்த பிள்ளை, அறியாவினாக் கேட்கும் ஆற்றலை இழந்துவிடுமாயின், அந்நட்டத்தைப் புள்ளிகளாற் கணக்கிட இயலாது.

சிகரத்தின் உயரம்

இனி, மாறாதது என நாம் நம்பும் மலையைப் பார்ப்போம். 1802 இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே லாம்ப்டன் என்பவர் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, தெற்கிருந்து வடக்காக நகர்ந்து இமயத்தின் அடிவாரத்தை எட்டிற்று. நேபாளம் அந்நியரை உட்புகவிடாத காலமாதலின், நூறு மைலுக்கு அப்பாலுள்ள சமவெளியில் நின்றே சிகரங்களை நோக்கவேண்டியிருந்தது. காற்றினால் ஒளி வளைவதையும், பூமியின் உருட்சியையும் கழித்துக் கணக்கிட்டு, பதினைந்தாம் இலக்கச் சிகரமே யாவற்றினும் உயர்ந்தது எனக் காட்டியவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித வல்லுநர். 1856 இல் அதன் உயரம் 29,002 அடியென அறிவிக்கப்பட்டது. 1865 இல் அதற்கு முன்னாள் நில அளவைத் தலைவர் எவரெஸ்ற்றின் பெயர் சூட்டப்பட்டது. கணக்கிட்டவரின் பெயர் வினாவிடை நூல்களின் ஒரு மூலையிலேதான் காணப்படுகின்றது.

1955 இல் இந்திய அளவையின்படி உயரம் 29,028 அடி, அதாவது 8,848 மீற்றர் ஆயிற்று. 2020 டிசெம்பரிலே நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த அளவு 8,848.86 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ற்றே உயர்ந்தது. அடி முதல் முடிவரை அளந்தால், பெரும்பகுதி கடலுள் மறைந்துள்ள ஹவாய்த் தீவின் மௌனா கீ பத்தாயிரம் மீற்றரையுங் கடந்து முந்திவிடும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால், நடுக்கோட்டின் அயலே பூமி புடைத்திருப்பதால், ஈக்குவடோர் நாட்டின் சிம்பொறாசோ முதலிடம் பெறும். கடல் மட்டம் என்ற இரு சொற்கள் இல்லையேல் நமது வினாவுக்கு மூன்று விடைகள் உண்டு.

385 யார்

விளையாட்டுத் துறையில் மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதை அறியாதார் சிலர். மரதன் போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தியோடு ஏதென்சுக்கு ஓடி உயிர்விட்ட வீரன் கடந்த தூரமே அது என்று பலர் எண்ணுகின்றனர். கி.மு. 490 இல் நிகழ்ந்த அப்போரை அடுத்த தலைமுறையிலே எழுதிய ஹெரோடோற்றஸ் அத்தகைய மரணத்தைக் கூறவில்லை. போருக்கு முன் ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடிய தூதன் ஒருவனையே அவர் குறிப்பிடுகின்றார். ஓடி வந்து இறந்த வீரனின் கதை ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஆசிரியரிடமே காணப்படுகின்றது.

தூரத்தின் கதை வேறு. 1896 இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் விளையாட்டில் ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 1908 இல் இலண்டனில் ஓட்டம் வின்ட்சர் மாளிகையின் வளவிலே தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்த இடத்தின் முன்னே முடிவதாக ஏற்பாடாயிற்று. அதனால் தூரம் 26 மைல் 385 யார் ஆயிற்று.

அவ்வோட்டத்தில் அரங்கினுள் முதலாவதாக நுழைந்தவர் டொறாண்டோ பியேற்றி என்னும் இத்தாலியர். களைப்பினால் திசை தடுமாறினார், பலமுறை விழுந்தார். உத்தியோகத்தர்கள் அவரைத் தாங்கி எல்லைக் கோட்டைக் கடக்கச் செய்தனர். பிறர் உதவி பெற்றமையால் அவர் நீக்கப்பட, அமெரிக்கரான ஜோனி ஹேய்ஸ் தங்கப் பதக்கம் பெற்றார். மனமிரங்கிய அலெக்சாந்திரா அரசியார் பியேற்றிக்குத் தனியாக ஒரு கிண்ணம் வழங்கினார். அந்த 385 யாரையும் 1921 இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் நிலைநிறுத்திற்று. இன்று உலகெங்கும் ஓடுவோர் ஒரு மாளிகை வளவுக்கும் ஓர் ஆசனத்துக்கும் இடைப்பட்ட தூரத்தையே ஓடுகின்றனர்.

நம் நாட்டு வீராங்கனையின் கதையும் இங்கே நினைவு கூரத்தக்கது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற பதக்கம் எது? அவ்வாண்டில் அச்சான நூல் வெண்கலம் என்னும். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டார். 2009 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கங்களை மறுபடி பகிர்ந்தபோது சுசந்திகாவுக்கு வெள்ளி உரியதாயிற்று. 1948 இல் இலண்டனிலே தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் பெற்ற வெள்ளியும் இதுவுமே 2024 பாரிஸ் விளையாட்டு வரை நமக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கங்கள். வெண்கலம் என்று பழைய நூலைப் பார்த்து எழுதும் மாணவன், தானறியாமலே ஒரு பெண்ணின் உரிமையைக் குறைத்து எழுதுகின்றான்.

'முதல்' என்னும் சொல்

பொது அறிவு நூல்களில் மிகுதியாக வழங்குவதும் மிகுதியாக இடர் தருவதும் 'முதல்' என்னும் சொல்லே. முதற் பேசும் படம் 1927 இல் வெளிவந்த 'த ஜாஸ் சிங்கர்' என்பர். அதிற் பாட்டுகளும் சிறிதளவு பேச்சுமே உண்டு. பெரும்பகுதி ஊமைப் படமாகவே எழுத்து அட்டைகளோடு நகர்ந்தது. முழுவதும் பேசும் நீண்ட படம் அடுத்த ஆண்டிலேதான் வந்தது. முதல் தமிழ்ப் பேசும் படம் 1931 இல் வெளியான 'காளிதாஸ்'. கதாநாயகி ரி. பி. ராஜலட்சுமி தமிழிற் பேச, கதாநாயகன் தெலுங்கிற் பேசினார்! முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 இல் திரைக்கு வந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், படம் பிடித்த இடம் தென்னிந்தியா. ஒரு வரி விடைகளால் இந்தச் சுவையெல்லாம் மறைந்துபோகின்றது.

செப்பமாகச் சொன்னால் 'முதல்' என்னுஞ் சொல் அசையாது நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1960 யூலை 21 இல் பதவியேற்ற ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமர். இதில் ஐயமில்லை. ஆனால் பிரதமர் என்ற சொல்லை விட்டு ஆட்சி புரிந்த பெண் என்றால், நம் நாட்டிலேயே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அநுராதபுரத்தில் அரசாண்ட அனுலா எதிரே வந்து நிற்பாள்.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்

வினாவிடைப் போட்டிகளை நிறுத்துமாறு நான் கூறவில்லை. அவை பிள்ளைகளைப் பரந்த உலகின் வாயிலுக்கு அழைத்துவருகின்றன. கையிலுள்ள தொலைபேசியை அழுத்தினால் எந்த விடையும் ஒரு நொடியில் வரும் இக்காலத்தில், விடையை நினைவிற் சுமப்பதன் பெறுமதி குறைந்துவிட்டது. விடையைச் சோதிக்கும் பெறுமதியோ கூடியிருக்கின்றது.

ஆசிரியப் பெருமக்கள் மனங்கொண்டால் ஒரு சிறு மாற்றம் போதும். போட்டியில் விடைக்கு ஒரு புள்ளி கொடுங்கள். அவ்விடை எந்த ஆண்டினது, எந்த அளவின்படி, எவர் வரையறைப்படி என்று காட்டும் பிள்ளைக்கு இன்னொரு புள்ளி கொடுங்கள். வினாத்தாள் ஆயத்தஞ் செய்வோர் வினாவிலேயே ஆண்டையும் அளவையும் எழுதிவிடலாம். நடுவராய் அமர்வோர், மாணவர் திருப்பிக் கேட்கும் வினாவுக்குச் சற்றுச் செவிசாய்க்கலாம். செலவில்லாத காரியங்கள் இவை. வரும் தவணையிலேயே தொடங்கலாம்.